வாயில்லா ஜீவன்களின் வக்கீல்

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் போனால் சில சமயம் இப்படி ஒரு காட்சியைக் காணலாம். மண்டபத்தில் பாட்டுக் கச்சேரியோ நாட்டியமோ நடக்கும். வாசலில் ஒரு மேஜை இருக்கும். அதன் மேல் ஓர் உண்டியலும் ரசீதுப் புத்தகமும் இருக்கும். அங்கே வசூலாகும் பணம் கல்யாணத்துக்கோ கோயில் திருப்பணிக்கோ அல்ல. அடிபட்ட நாய்க்கும், கைவிடப்பட்ட மாட்டுக்கும், காட்டை இழந்து தவிக்கும் குரங்குக்கும் அந்தப் பணம் போகிறது.

நம் பாட்டனார் காலத்தில் குரங்குக்கு நன்கொடை கேட்டு யாராவது வந்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். மனிதனுக்கே சோறு இல்லாதபோது குரங்குக்கு என்ன நிதி என்று கேட்டிருப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களையும் யோசிக்க வைத்த அம்மையார் ஒருவர் இதே அடையாறில் வாழ்ந்தார். உலகம் அவரை நாட்டியக் கலைஞராக அறியும். வாயில்லா ஜீவன்களுக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடிய வக்கீலாக அவரை அறிந்தவர்கள் குறைவு. அவர்தான் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல்.

அபூர்வமான பிறந்த நாள்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் தேதி மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அந்தத் தேதி வரும். தகப்பனார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணி இலாகாவில் எஞ்சினீயர். தாயார் சேஷம்மாள் சங்கீதப் பிரியை. தகப்பனாருக்குப் பிரம்மஞான சபையில் ஈடுபாடு அதிகம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அடையாறில் அந்தச் சபையின் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு குடும்பத்துடன் வந்துவிட்டார்.

அடையாறு ஆற்றங்கரை, பெரிய ஆலமரம், பல தேசத்து மனிதர்கள், அன்னி பெசண்ட் அம்மையாரின் பேச்சு, இவற்றுக்கு நடுவே ருக்மிணி வளர்ந்தார். எல்லா உயிரும் ஒன்றே என்ற கொள்கையை அந்தச் சூழலில் சிறு வயதிலேயே கற்றார். மற்றவர்களுக்கு அது மேடையில் கேட்டு மறக்கும் வார்த்தையாக இருந்திருக்கலாம். இந்தப் பெண்ணுக்கு அது வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய வேலையாக ஆயிற்று.

ஊரையே கலக்கிய விவாகம்

1920இல் ருக்மிணிக்கு விவாகம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 16. மணமகன் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயர். காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அவருக்கு வயது 40க்கு மேல்.

சென்னைப் பட்டணத்தில் பெரும் கூச்சல் எழுந்தது. பிராமணக் குடும்பத்துப் பெண் வெள்ளைக்காரரை மணப்பதா என்று மயிலாப்பூர்த் திண்ணைகள் கொதித்தன. பத்திரிகைகளும் கண்டித்தன. விவாகம் பம்பாயில் நடந்தது. அம்மையார் மனம் தளரவில்லை. ஊர் முழுவதும் எதிர்த்தாலும் சரி என்று பட்டதைச் செய்வது எப்படி என்பதை அவர் 16 வயதிலேயே பழகிக்கொண்டார். பின்னால் அந்தப் பழக்கம் அவருக்கு மிகவும் உதவியது.

கணவருடன் பல தேசங்களுக்குப் போனார். 1928இல் பம்பாயில் ருஷ்ய நாட்டிய மேதை அன்னா பாவ்லோவாவின் நடனத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் இருவரும் ஒன்றாகப் பிரயாணம் செய்தார்கள். சிநேகம் வளர்ந்தது. உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று பாவ்லோவா அவரைத் தூண்டினார்.

சதிர் பரதமான கதை

1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் அம்மையார் முதன்முதலாகச் சதிர் ஆட்டத்தைக் கண்டார். கோயில்களில் பணி செய்த தேவதாசிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த கலை அது. அந்தக் காலத்தில் கௌரவமான வீட்டுப் பெண்கள் அதைப் பார்ப்பதையே தவறு என்றார்கள். அம்மையாரோ கற்றே தீருவது என்று முடிவு செய்தார். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சேர்ந்த கௌரி அம்மாளிடம் பாடம் கேட்டார். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றார். அவருக்கு வயது அப்போது 30ஐ நெருங்கிவிட்டது. வழக்கமாகக் குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கலையை அந்த வயதில் தொடங்கினார்.

1935இல் பிரம்மஞான சபையின் 60ஆம் ஆண்டு விழாவில், அடையாறில், அவர் மேடை ஏறி ஆடினார். மறு ஆண்டு, 1936 ஜனவரியில், கலாக்ஷேத்ராவின் ஆரம்பம். 1962இல் அந்த நிறுவனம் திருவான்மியூர்க் கடற்கரைப் பக்கம் இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அம்மையார் அமைத்த நாட்டிய நாடகங்களில் முதலாவது குற்றாலக் குறவஞ்சி, 1944இல். திரிகூடராசப்பக் கவிராயரின் அந்த நூலில் குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் இடத்தில் குரங்குகளும் வருகின்றன. 1955 முதல் 1970 வரை அவர் ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தார். சீதா சுயம்வரத்தில் தொடங்கி மகா பட்டாபிஷேகத்தில் அது முடிகிறது. அதில் அனுமனும் வானர சேனையும் மேடைக்கு வந்தார்கள். சபையோர் கை தட்டினார்கள்.

அதே ஆண்டுகளில் அனுமனின் குலத்துக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது?

கூடையில் போன குரங்குகள்

நம் ஊரில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறோம். வெண்ணெய்க் காப்பு செய்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் வெளிநாடுகளுக்கு விற்கப்பட்டன. 1950களின் பிற்பகுதியில் அந்த வியாபாரம் உச்சத்தில் இருந்தது. வட இந்தியாவில் வாழும் செம்முகக் குரங்குகளை வலை போட்டுப் பிடிப்பார்கள். கூண்டுகளில் அடைத்து ரயிலில் ஏற்றி, அங்கிருந்து விமானத்தில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புவார்கள். வழியிலேயே பல செத்துப்போகும்.

1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் ஒரு வண்டிக்குள் அடைத்து வைத்த ஏறத்தாழ 400 குரங்குகள் காற்றில்லாமல் மூச்சுத் திணறி இறந்தன. செய்தி கேட்டு இந்தியாவில் கொதிப்பு எழுந்தது. அரசாங்கம் ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தியது. பிறகு நிபந்தனைகளோடு மறுபடியும் அனுமதித்தது.

ஏன் அனுமதித்தது? அதற்கும் ஒரு காரணம் இருந்தது. நியாயமாகப் பேச வேண்டுமானால் அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் குரங்குகள் இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்துக்காகப் போயின. குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்களில்தான் அன்று அந்த மருந்தைத் தயாரித்தார்கள். அந்த நோயால் கால் சூம்பிய குழந்தைகளை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். பெற்ற தாய்க்குத் தன் குழந்தையின் கால் பெரிதா, காட்டுக் குரங்கின் உயிர் பெரிதா? கேட்டால் எந்தத் தாயும் என்ன சொல்வாள் என்பது தெரிந்ததே.

இவ்வளவு கடினமான கேள்வி எதிரே நிற்கும்போதும் குரங்கின் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டுமே! அந்தப் பக்கம் நின்றவர்களில் ருக்மிணி தேவி முக்கியமானவர். பிராணிகளை உயிரோடு அறுத்துச் சோதிப்பதையும், குரங்குகளை ஏற்றுமதி செய்வதையும் அவர் எதிர்த்தார்.

மேல் சபையில் ஒரு மசோதா

1952இல் அம்மையார் பாராளுமன்றத்தின் மேல் சபையான ராஜ்ய சபைக்கு நியமன உறுப்பினர் ஆனார். கலைக்காக வந்த கௌரவம் அது. சபையில் அமர்ந்து கலையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1953இல் ஒரு தனி நபர் மசோதாவைக் கொண்டுவந்தார். பிராணிகளைக் கொடுமை செய்வதைத் தடுக்கும் மசோதா அது.

அதுவரை இருந்தது 1890இல் வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட சட்டம். அதன் எல்லை மிகச் சிறியது. சோதனைச் சாலையில் நடப்பதை அது கண்டுகொள்ளவில்லை. அம்மையாரின் மசோதா பிராணிகள் படும் துன்பங்கள் பலவற்றையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவர முயன்றது. சபையில் ஆதரவு கூடியது. எதிர்ப்பும் இருந்தது. விஞ்ஞானம் தடைப்படும் என்று சிலர் அஞ்சினார்கள்.

பிரதமர் நேரு குறுக்கிட்டார். நோக்கம் நல்லது, அரசாங்கமே விரிவான சட்டம் ஒன்றைக் கொண்டுவரும், இந்த மசோதாவை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அவருடைய வேண்டுகோள்.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தன் பெயரால் ஒரு சட்டம் வரும் தறுவாயில் அதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? விட்டுக்கொடுத்த பிறகு அரசாங்கம் மறந்துவிட்டால் என்ன செய்வது? அம்மையார் துணிந்து 1954இல் மசோதாவை வாபஸ் பெற்றார். பெயர் போனாலும் போகட்டும், காரியம் நடக்கட்டும் என்று எண்ணினார்.

அரசாங்கம் மறக்கவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகள் காக்க வைத்தது. 1960 டிசம்பரில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

கிடைத்ததும் கிடைக்காததும்

அடிப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பது, வேதனை உண்டாகும்படி எடுத்துச் செல்வது, வளர்க்கும் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் இருப்பது, இவை எல்லாம் இந்தச் சட்டப்படி குற்றம்.

ஆனால் அம்மையார் விரும்பிய அனைத்தும் அதில் இல்லை. விஞ்ஞானச் சோதனைக்குப் பிராணிகளைப் பயன்படுத்துவது சட்ட விரோதம் அல்ல என்று சட்டமே சொன்னது. மதச் சடங்கின்படி பிராணியைக் கொல்வது குற்றமாகாது என்றும் ஒரு பிரிவு சேர்ந்தது. முதல் தடவை குற்றம் செய்பவருக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 50 ரூபாய் வரைதான்.

பத்துக் கேட்டால் நாலு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டு ஒதுங்கிப் போவது ஒரு வழி. கிடைத்த நாலை வைத்து மீதி ஆறையும் சம்பாதிப்பது இன்னொரு வழி. அம்மையார் இரண்டாவது வழியில் போனார்.

அந்தச் சட்டத்தில் இரண்டு விதைகள் இருந்தன. ஒன்று, பிராணிகள் மீது நடக்கும் சோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழு. மற்றொன்று, பிராணிகள் நல வாரியம். 1962இல் வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவிதான். அதன் தலைமையகமும் டில்லியில் அல்ல, நம் சென்னையிலேயே அமைந்தது. பின்னாளில் திருவான்மியூர் வால்மீகி நகரில் இயங்கிய அந்த அலுவலகம் 2018இல்தான் அரியானா மாநிலத்துக்குப் போனது.

பணம் இல்லாமல் கருணை இல்லை

சட்டம் காகிதத்தில் இருந்தால் நாய்க்குக் கட்டுப் போட முடியுமா? குரங்குக்குப் பழம் வாங்க முடியுமா? அதற்குப் பணம் வேண்டும், இடம் வேண்டும், ஆள் வேண்டும். ஆகவே பிராணிகளைக் காக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும், பசு மடங்களுக்கும், காப்பகங்களுக்கும் பண உதவி செய்யும் வேலையைச் சட்டம் வாரியத்துக்குக் கொடுத்தது.

சென்னையிலும் அப்படிச் சங்கங்கள் முளைத்தன. விமானியான கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அவற்றில் ஒன்று. சர்க்கார் உதவி ஒரு கை என்றால் பொது மக்களின் நன்கொடை மறு கை. இரண்டும் சேர்ந்தால்தான் ஓசை வரும். நாம் முதலில் பார்த்தோமே, மண்டப வாசலில் உண்டியலும் ரசீதுப் புத்தகமும், அவை அந்த மறு கையைச் சேர்ந்தவை.

அம்மையார் தம் வாழ்க்கையிலும் சொன்னபடி நடந்தார். அவர் சுத்த சைவம். கலாக்ஷேத்ராவிலும் சைவச் சாப்பாடுதான். சர்வதேச சைவ உணவுச் சங்கத்தின் உபதலைவராக 1955 முதல் இறுதி வரை இருந்தார். பத்ம பூஷண் விருது 1956இல் வந்தது. பிராணிகள் நல வாரியத்தின் பிராணி மித்ரா விருது 1968இல் வந்தது. முதல் விருது கலைக்கு, இரண்டாவது கருணைக்கு.

ஜனாதிபதி மாளிகை வேண்டாம்

1977இல் மொரார்ஜி தேசாய் பிரதமர் ஆனார். ருக்மிணி தேவியை ஜனாதிபதிப் பதவிக்கு நிறுத்த அவர் விரும்பினார். நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியாக வந்திருக்கக்கூடிய வாய்ப்பு. அம்மையார் மறுத்துவிட்டார். டில்லி மாளிகையைவிடத் திருவான்மியூர் மணலும் மரமும் அவருக்குப் பெரிதாக இருந்தன.

குரங்கு ஏற்றுமதிக்கு முடிவு கட்டியதும் அதே மொரார்ஜி அரசாங்கம்தான். மருந்துக்கு என்று வாங்கிப் போன குரங்குகளை அமெரிக்காவில் அணு ஆயுதக் கதிர்வீச்சுச் சோதனைகளிலும் பயன்படுத்துகிறார்கள் என்ற விஷயம் வெளியே வந்திருந்தது. குரங்குகளைக் காப்பதற்கென்றே 1973இல் ஒரு சர்வதேசச் சங்கத்தைத் தொடங்கிய ஷெர்லி மெக்கிரீல் என்ற பெண்மணி அதை அம்பலப்படுத்தினார். 1978 ஏப்ரல் முதல் இந்தியா குரங்கு ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. அம்மையார் ராஜ்ய சபையில் மசோதாவைக் கொண்டுவந்து அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த 1978இலேயே பிராணிகளை ஏற்றிச் செல்வதற்கான விதிகளும் வந்தன. அவற்றில் குரங்குகளுக்கு என்றே ஒரு பகுதி உண்டு. கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஒரு கூண்டில் எத்தனை குரங்குகள் இருக்கலாம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அந்த விதிகளுக்குத் தாய் 1960ஆம் ஆண்டுச் சட்டம்.

குழந்தைகளின் கதி என்ன ஆயிற்று என்று தாய்மார்கள் கேட்கலாம். கவலை வேண்டாம். ஒவ்வொரு தடவையும் புதிய குரங்கைக் கொல்லாமல், ஒரு முறை எடுத்த உயிரணுக்களைச் சோதனைச் சாலையிலேயே பெருக்கி மருந்து செய்யும் முறையை விஞ்ஞானிகள் கண்டார்கள். இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் கடைசியாகக் கண்டது 2011இல். 2014இல் அந்த நோய் இல்லாத நாடு என்று நமக்குச் சான்று கிடைத்தது. குழந்தையா குரங்கா என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். இரண்டையும் காப்பாற்ற வழி இருந்தது. தேடத்தான் நாளாயிற்று.

குரங்காட்டி எங்கே போனான்?

முன்பெல்லாம் மாட வீதியில் உடுக்கைச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓடுவார்கள். குரங்காட்டி வந்திருப்பான். கழுத்தில் கயிறு, கையில் கோல். குரங்கு மாமியார் வீட்டுக்குப் போவது போல நடக்கும், சலாம் போடும். நாம் சிரித்தோம். அந்த வித்தைகளை அது எந்த அடி வாங்கிக் கற்றது என்று நாம் கேட்கவில்லை.

1998இல் மத்திய அரசாங்கம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்குவதும் ஆட வைப்பதும் கூடாது என்பது அது. வழக்கு நடந்தது. 2001இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடையை உறுதி செய்தது. அந்தத் தடைக்கு ஆதாரமாக நின்றதும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவுதான். சட்டம் வந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த விதை அப்படி முளைத்தது.

அதைக் காண அம்மையார் இல்லை. 1986 பிப்ரவரி 24ஆம் தேதி சென்னையில் அவர் காலமானார். வயது 81. அந்த ஆண்டுக் காலண்டரில் பிப்ரவரி 29 இல்லை. பிறந்த நாள் வராத ஆண்டில் அவர் போய்ச் சேர்ந்தார்.

இன்று கிண்டிக் காட்டுப் பக்கம் போனால் நம் நாட்டுக் குரங்குகளைக் காணலாம். தாய் மடியில் குட்டி தொங்கும். வால்பாறைப் பக்கத்துச் சோலைகளில் சிங்கவால் குரங்குகள் எஞ்சியிருக்கின்றன. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எங்கும் அவை இயற்கையாக வாழ்வதில்லை. சாலை அவற்றின் காட்டைப் பிளந்த இடங்களில் மரத்துக்கு மரம் தாவிச் செல்ல உயரே கயிற்றுப் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ராமருக்குப் பாலம் கட்டிய இனத்துக்கு நாம் கட்டிக் கொடுத்த சிறிய பாலம் அது.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு கச்சேரிக்குப் போகும்போது வாசலில் அந்த மேஜையைக் கண்டால் விலகிப் போகாதீர்கள். முடிந்ததைப் போடுங்கள். குழந்தையின் கையால் போடச் சொல்லுங்கள். ரசீது எதற்கு என்று குழந்தை கேட்டால் ஒரு நாட்டியக்கார அம்மையாரின் கதையை வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லுங்கள்.